‘கழுத்தில் அன்னா’: ஒரு விருதுப் பெயரும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

அந்தோன் செகாவ் 1895ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கழுத்தில் அன்னா’ என்னும் சிறுகதையின் தலைப்பு, மொழிபெயர்ப்பாளர் முன் ஒரு பொருண்மைச் சிக்கலை வைக்கின்றது. 18 வயது அன்னா, வறுமையுற்ற தந்தைக்கும் தம்பியர்க்கும் உதவலாம் என்னும் எண்ணத்தில் 52 வயது அரசு அலுவலர் மொதெஸ்த் அலெக்சேயிச்சை மணக்கின்றாள். அவரோ புனித அன்னா விருதின் இரண்டாம் படியை எதிர்நோக்கியிருப்பவர். தலைப்பு இவ்விரு அன்னாக்களையும் ஒருங்கே சுட்டுகின்றது.

விருது கற்பனையன்று. 1735இல் ஒல்ஸ்டைன் கோமகன் கார்ல் பிரெடரிக், மறைந்த தம் மனைவி அன்னா பெத்ரோவ்னாவின் நினைவாக இதனை நிறுவினார். 1797இல் பேரரசர் பவுல் இதனை ருசிய விருதாக்கினார். மனைவியின் நினைவாகத் தோன்றிய விருது, செகாவின் கதையில் மனைவியைக் கொண்டு பெறும் பொருளாகின்றது. இவ்விருதின் படிகள் அணியும் இடத்தாலும் வேறுபடும்: இரண்டாம் படி கழுத்தில், மூன்றாம் படி மேற்சட்டையின் பொத்தான் துளையில். எனவே ‘இரண்டாம் வகுப்பு’ என்னும் பெயர்ப்பு மட்டும் போதாது. தமிழ் வாசகர்க்கு அது தேர்வு முடிவையும் தொடர்வண்டிப் பெட்டியையுமே நினைவூட்டும். அணியும் இடம் தெரியாதவிடத்துச் சிலேடையும் தோன்றாது.

சிக்கலின் மையம் ‘கழுத்து’ என்னும் சொல்லாகும். ருசிய மொழியில் ஒருவர் கழுத்தின்மேல் இருத்தல் என்பது அவருக்குச் சுமையாதல் எனவும் பொருள்படும். அணிகலனுக்கும் சுமைக்கும் அங்கு ஒரே முன்னிடைச்சொல் பொருந்தும். தமிழிலோ அணிகலன் ‘கழுத்தில்’ அமையும். சுமை ‘தலைமேல்’ ஏறும். வேண்டாத பொறுப்பைத் ‘தலையில் கட்டுதல்’ என்பதே நம் வழக்கு. இவ்வழக்கைத் தலைப்பில் ஆண்டால் சுமை நிற்கும், பதக்கம் மறையும்.

நேர்பெயர்ப்பிலும் ஓர் இடர் உண்டு. தமிழில் ‘கழுத்தை நீட்டுதல்’ மணமகளுக்கே உரியது. ஆதலின் தலைப்பைக் காணும் வாசகர் அதனை அன்னாவின் கழுத்தாகவே கொள்ளக்கூடும். கதையின் முற்பகுதிக்கு இம்மயக்கம் பொருந்தும், கட்டுண்டவள் அவளே. நடன விருந்தில் மேலதிகாரியின் கண்ணில் அவள் பட்டபின் நிலை மாறுகின்றது. கணவர் பணிகின்றார், அவள் செலவழிக்கின்றாள். கழுத்து இப்போது கணவருடையது.

இதற்கு அடிக்குறிப்புத் தீர்வாகாது. முன்னர் இவ்விருது பெற்ற கொசொரோதொவ் என்பவரிடம், பொத்தான் துளையில் ஒன்று, கழுத்தில் இரண்டு என மூன்று அன்னாக்களை எண்ணிக் காட்டினார் மேலதிகாரி. அவருடைய மனைவி பெயரும் அன்னா. இதனை மொதெஸ்த் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றார். இறுதியில் அதே கேலி அவர்மீதே விழுகின்றது. விளக்கம் முதல் நிகழ்விலேயே இடம்பெறின், இறுதி நிகழ்வு தானே பொருள் தரும். ‘கழுத்தில் அணியும் இரண்டாம் படி அன்னா’ என அங்கு எழுதினால் போதும்.

பெயரிலும் கவனம் வேண்டும். தமிழ்க் கிறித்தவ மரபைப் பின்பற்றி விருதை ‘அன்னம்மாள்’ எனவும் மனைவியை ‘அன்னா’ எனவும் எழுதினால் சிலேடை முறியும். கேலிக்கு மறுமொழியாக மொதெஸ்த், இனி ஒரு சின்ன விளதீமிர் பிறக்கவேண்டும், அதற்கு மேலதிகாரியே ஞானத்தந்தையாதல் வேண்டும் என்கின்றார். விளதீமிர் குழந்தைப் பெயர் மட்டுமன்று. அடுத்த விருதின் பெயருமாகும். இழிவை உணரவேண்டிய இடத்தில் அவர் அடுத்த பதக்கத்தைக் கேட்கின்றார். இவ்விரு சொற்களும் பிழைபட்டால் தமிழ் வாசகர்க்கு எஞ்சுவது குடும்பக்கதை மட்டுமே. அதிகாரம் பற்றிய திறனாய்வு மூலத்தோடு நின்றுவிடும்.