பரிதாபத்தைத் திருப்பிக் கொடுத்த பாட்டுக்காரர்

2016-ல் கனடா ஒரு பையனுக்காக அழுதது. பேர் சானி வென்ஜாக். 12 வயசு. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த உறைவிடப் பள்ளியொன்றிலிருந்து 1966 அக்டோபரில் தப்பி ஓடியவன். வீடு இருந்தது சுமார் 600 கிலோமீட்டருக்கு அப்பால். ரயில் தண்டவாளத்தை ஒட்டியே நடந்தான். குளிரிலும் பசியிலும் தண்டவாளத்தின் ஓரத்திலேயே செத்துக்கிடந்தான். 50 வருஷம் கழித்து, கார்ட் டௌனி என்ற புகழ்பெற்ற வெள்ளை ராக் பாடகர் அவனைப் பற்றி ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். டௌனியைக் குறைசொல்ல வரவில்லை. சாவை எதிர்நோக்கியிருந்த அந்த மனிதர், பையனின் குடும்பத்தோடு சேர்ந்துதான் வேலை செய்தார். நம்முடைய கேள்வி வேறு.

இதே பையனைப் பற்றி 1970-களின் தொடக்கத்திலேயே ஒருவர் பாடிவிட்டாரே, அது ஏன் யார் காதிலும் விழவில்லை?

அவர் வில்லி டன். 1941-ல் மான்ட்ரியலில் பிறந்தவர். மிக்மாக் பூர்வகுடி வழியும் ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழியும் கலந்த குடும்பம். கனடா ராணுவத்தில் சேர்ந்து காங்கோவரை போய்வந்தவர். பிறகு கையில் கிடார். கனத்த குரல், அவசரமில்லாத நாட்டுப்புற மெட்டு, ஊடே கன்ட்ரி சாயல். கத்தமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து வழக்கு உரைக்கிற மாதிரி பாடுவார்.

1968-ல் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக 'க்ரோஃபுட்டின் கதைப்பாடல்' என்ற படத்தை எடுத்தார். பத்தே நிமிஷம். அந்த வாரியத்தில் பூர்வகுடி ஒருவர் இயக்கிய முதல் படம் என்று அதைச் சொல்கிறார்கள். 1877-ல் அரசோடு ஏழாம் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட தலைவர் க்ரோஃபுட்டை நோக்கிக் கேள்விமேல் கேள்வியாகப் பாட்டு போகிறது. திரையில் ஓடுபவை பழைய புகைப்படங்கள். அவற்றில் பெரும்பாலானவை வெள்ளைக்காரன் தன் கேமராவில் பிடித்து, தன் ஆவணக்காப்பகத்தில் பூட்டிவைத்தவை. டன் புதுசாக எதையும் படம்பிடிக்கவில்லை. அவனுடைய படங்களையே எடுத்து அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லவைத்தார். ஆவணம் யார் கையில் இருக்கிறது என்பது மட்டுமல்ல, அதன்மேல் யார் குரல் ஓடுகிறது என்பதும் அரசியல்தான்.

அவருடைய இன்னொரு பாட்டு, நாட்டைப் பார்த்து நான் இரக்கப்படுகிறேன் என்று சொல்வது. போலீஸ், கேலி பண்ணும் சினிமா, சுரண்டும் அரசியல்வாதி, ஏய்த்த ஹட்சன் பே கம்பெனி, வேட்டைச் சட்டம் எல்லாம் வரிசையாக வருகின்றன. முடிவில் பாடகர் கண்ணீர் கேட்கவில்லை. பூர்வகுடிகள்மேல் காட்டப்பட்ட பரிதாபத்தை அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். பரிதாபம் மேலேயிருந்து கீழே வருவது, அதை வாங்குகிறவன் குனிந்துதான் வாங்கணும் என்பது நமக்குப் புதுசா என்ன? டன் குனியவில்லை. அவர் பாட்டு பரவாமல் போனதற்கு இது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். அழவைக்கிற பாட்டுக்குச் சந்தை உண்டு. கேட்கிறவனையே பரிதாபத்துக்குரியவனாக ஆக்குகிற பாட்டுக்கு ஏது சந்தை?

அவரையும் விமர்சிக்க வேண்டிய இடம் உண்டு. பையனைப் பற்றிய பாட்டின் பேர் 'சார்லி'. சானியைப் பள்ளிக்கூடம் கூப்பிட்ட பேர் அது. 1967-ல் மெக்லீன்ஸ் பத்திரிகை எழுதியபோதும் அந்தப் பேர்தான். பாசத்தோடு பாடினாலும், அம்மா அப்பா கூப்பிட்ட பேர் பாட்டில் இல்லை. எதிர்ப்புப் பாட்டுக்குள்ளேயும் அதிகாரம் வைத்த பேர் குந்திக்கொள்ளும். நாமும் நம் எழுத்தில் தேடிப்பார்க்க வேண்டிய இடம் இது.

2013-ல் டன் இறந்தார். 2014-ல் ஓர் அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட பூர்வகுடி இசைத்தொகுப்பில் அவர் பாட்டுகள் வந்தன. 2021-ல் அவருக்கென்றே தனித்தொகுப்பு வந்தது. 'மறக்கப்பட்ட மேதை' என்று இப்போது எழுதுகிறார்கள். யார் மறந்தது? அவர் மக்கள் மறக்கவில்லை. கேட்காதவன் தன் செவிட்டுத்தனத்துக்கு மறதி என்று பேர் வைத்துக்கொள்கிறான்.

பாட்டு ஐம்பது வருஷமாக அங்கேயேதான் இருந்தது.