குன்னூர் எலிகளும் துபாய் பிஸ்கட்டும்

பிஸ்கட் பாக்கெட் வாங்கும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள்? விலையை. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் காலாவதி தேதியையும். தேதி தாண்டியிருந்தால் கடைக்காரரிடம் சின்னதாய் ஒரு சண்டையும் போட்டுவிட்டுத்தான் வருவீர்கள்.

துபாயில் ஒரு கிடங்கில் ஏறத்தாழ 500 டன் பிஸ்கட் இருந்தது. டீயில் முக்கித் தின்கிற ரகம் இல்லை. போர், பூகம்பம் என்று அடுப்பு பற்றவைக்கக்கூட வழியில்லாத இடத்தில் குழந்தைகளுக்குக் கொடுக்கிற சத்து பிஸ்கட். ஆப்கானிஸ்தானுக்கும் பாகிஸ்தானுக்கும் போகவேண்டிய சரக்கு. அமெரிக்க அரசு சுமார் எட்டு லட்சம் டாலருக்கு வாங்கி வைத்திருந்தது. 15 லட்சம் குழந்தைகளுக்கு ஒரு வாரம் வரும் என்று கணக்கு. 2025 ஜூலையில் அதன் தேதி முடிந்தது. எரித்துவிடச் சொல்லிவிட்டார்கள்.

பூச்சி விழவில்லை, லாரி கவிழவில்லை. ஆபீஸ் மாறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்! 2025 ஜனவரியில் புது அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது. ஜூலை 1ஆம் தேதி யு.எஸ்.எய்ட் கடையைக் கட்டியது, மிச்சம் மீதி வேலை வெளியுறவுத் துறைக்குப் போனது. சரக்கை எடுத்துக் கொடுக்க அனுமதி தாருங்கள் என்று கீழே இருந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததாகவும், மேலேயிருந்து பதிலே வரவில்லை என்றும் அங்குள்ள பத்திரிகைகள் எழுதின. இதற்கிடையே, அந்த நாட்டின் உணவு உதவித் திட்டத்தையே வேளாண் துறையிடம் கொடுத்துவிடவேண்டும் என்று 2025 பிப்ரவரியில் ஒரு மசோதாவும் வந்தது. விளைவிப்பவரிடமே விநியோகமும் இருக்கட்டுமே என்ற வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

அமெரிக்காக்காரர் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்கிறீர்களா? கொஞ்சம் நீலகிரி வரை வாருங்கள்.

குன்னூர் போனால் சிம்ஸ் பூங்காவைப் பார்க்காமல் இறங்கமாட்டீர்கள். பக்கத்திலேயே இருக்கிற பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டை நாய்க்கடி ஊசி மருந்தோடு சேர்த்துத்தான் நமக்குத் தெரியும். அங்கேதான் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அப்புறம் எலிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒரு கூட்டத்துக்கு வங்காளிச் சாப்பாடு, இன்னொன்றுக்கு நம் மதராஸ் சாப்பாடு என்று போட்டுப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் தின்ற சீக்கிய எலிகள் கொழுகொழுவென்று முதலிடம். கழுவிக் கழுவிச் சத்தெல்லாம் போன சோற்றைத் தின்ற மதராஸ் எலிகள்? கடைசி. (கோபப்படாதீர்கள். அரிசியைத் தீட்டாமல், காய்கறியும் பாலும் சேர்த்திருந்தால் அந்த எலிகளும் தேறியிருக்கும்.) வயிறு நிறைந்தும் ஆள் நோயாளியாகலாம் என்பதைக் கண்ணெதிரே காட்டிய சோதனை அது.

இதில் ஒரு வேடிக்கை. 1923இல் செலவைக் குறைக்கிறோம் என்று இஞ்ச்கேப் கமிட்டி கிளம்பியதில், மெக்காரிசனின் ஆராய்ச்சிக்கும் கத்தரி விழுந்தது. மறுபடி தொடங்க 1925 ஆகிவிட்டது. சிக்கனம் என்று வந்தால் சாப்பாட்டு விஷயத்தில் முதலில் கை வைப்பது வெள்ளைக்காரர் காலத்திலேயே உண்டு!

அவருக்குப் பிறகு 1935இல் அய்க்ராய்டு என்பவர் குன்னூர் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார். எந்த இந்திய உணவில் என்ன சத்து என்று 1937இல் பட்டியல் போட்டு வெளியிட்டார். வங்கப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனிலும் உறுப்பினர். அப்புறம் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு தொடங்கியபோது, அதன் ஊட்டச்சத்துப் பிரிவின் முதல் இயக்குநராகப் போனார். உலகத்துக்கே சாப்பாட்டுக் கணக்குப் போட உட்கார்ந்தவர் பாடம் படித்தது நம் மலையில். 1958இல் ஆய்வுக்கூடம் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

குன்னூர்க்காரர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த ஆளுக்கு எந்தச் சத்து குறைகிறது? உணவு உதவி என்று கப்பல் கப்பலாக வந்தபோது இந்தக் கேள்வி எத்தனாவது இடத்தில் இருந்தது தெரியுமா?

1954இல் அமெரிக்கா பி.எல்.480 சட்டத்தைப் போட்டதே அங்கே மலையாய்க் குவிந்திருந்த தானியத்தை எங்காவது தள்ளத்தான். மிஞ்சியது கோதுமை, ஆகவே வந்தது கோதுமை. அரிசி தின்கிற ஊருக்கும் அதுதான். அதனால் பலனே இல்லை என்று சொல்லமாட்டேன். காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவுக்கு 1961 முதல் 'கேர்' நிறுவனம் வழியாக அமெரிக்கச் சரக்கு வந்தது. அறுபது வயதைத் தாண்டிய யாரையாவது கேளுங்கள், அந்தப் பால் பவுடர் வாசனையை இன்னும் சொல்வார்கள்.

விவசாயக் கணக்கு இப்படி என்றால், ராஜதந்திரக் கணக்கு இன்னும் மோசம். 1965, 66இல் இங்கே கடும் வறட்சி. அதிபர் ஜான்சன் மொத்தமாக அனுமதி தராமல், கப்பல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக, இழுத்துப் பிடித்துத்தான் விட்டார். வியட்நாம் போரைப் பற்றி இந்தியா வாயைத் திறந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அப்போது டெல்லியில் உணவு மந்திரி பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் சி.சுப்பிரமணியம். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை அவர் வரவழைத்ததற்குப் பின்னால் இந்த அவமானமும் இருந்தது.

இப்போது சொல்லுங்கள், வேளாண் துறையா, வெளியுறவுத் துறையா? வேளாண் துறை 'நம்மிடம் என்ன மிச்சம்?' என்று கேட்கும். வெளியுறவுத் துறை 'அவன் நம் பக்கமா?' என்று கேட்கும். யு.எஸ்.எய்டையும் புனிதமாக்கவேண்டாம். அது கொடுத்த காலத்திலும், உதவித் தானியத்தில் பாதியை அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் ஏற்றவேண்டும் என்ற சட்டம் இருந்தது, கூலி கூடினாலும் சரி. ஆனால் ஒன்று, எந்த ஊரில் எந்தக் குழந்தை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று தெரிந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். கைமாறும்போது முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள்தான். என் புகார் அதுதான்.

நம் ஊரிலும் துறைகளுக்குக் குறைச்சலில்லை. கோத்தகிரியில் தேயிலை பறிக்கும் ஒரு பெண்ணின் மகனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடியில் இருக்கும்வரை அவன் சாப்பாடு டெல்லியில் மகளிர், குழந்தைகள் அமைச்சகம். பள்ளிக்கூடம் சேர்ந்தால் கல்வி அமைச்சகம். வீட்டுக்கு வரும் ரேஷன் அரிசி உணவு அமைச்சகம். ஆனால் சத்துணவு முட்டை அழுகியிருந்தால் அம்மா ஹெட்மாஸ்டர் முன்னால் போய் நிற்பாள். மறுநாள் பேப்பரில் வரும். சட்டசபையில் எவராவது எழுந்து கேட்பார். அவளிடம் ஓட்டு இருக்கிறது. காபூலில் இருக்கும் அம்மா வாஷிங்டனில் எந்தக் கதவைத் தட்டுவாள்?

துறையை மாற்றுங்கள், பெயர்ப்பலகையை மாற்றுங்கள். அதற்குமுன் ஒரே ஒரு உத்தரவு போட்டிருக்கலாம்: தேதி முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, எவர் கையெழுத்துக்கும் காத்திராமல் கிடங்கு அதிகாரியே சரக்கை அனுப்பலாம் என்று. அதே துபாய்க் கிடங்கில் இன்னும் 600 டன்னுக்கு மேல் பிஸ்கட் இருந்தது. அது மட்டும் எப்படியோ நேரத்துக்குக் கிளம்பி சிரியா, வங்கதேசம், மியான்மர் போய்ச் சேர்ந்தது.