முகத்துக்கு மதிப்பெண்

மனச்சிதைவு உள்ளவர்களுக்கு முகபாவத்தைப் படிக்கக் கற்றுத்தரும் பயிற்சி இப்போது மெய்நிகர் கண்ணாடிக்குள் புகுந்திருக்கிறது. கண்ணாடியை மாட்டினால் கடைத்தெரு விரியும். எதிரே வரும் கணினி மனிதரின் முகத்தைப் பார்த்து, கோபமா, பயமா, சோகமா என்று சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் ‘டிஸ்கவர்’ என்ற பெயரில் இதைச் சோதித்தார்கள். அதே கண்ணாடியில் மனத்தைத் தளர்த்தும் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் தேறிவிடவில்லை. உருவங்கள் இன்னும் தத்ரூபமாகட்டும், பலன் தானே தெரியும் என்பது ஆதரவாளர்களின் வழக்கமான சமாதானம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோளாறு படத்தின் தரத்தில் இல்லை, கேட்கப்படும் கேள்வியில் இருக்கிறது.

முகபாவத்தைப் படிப்பதில் இவர்களுக்குள்ள குறைபாடு கற்பனையல்ல. குரல்களும் பிரமைகளும் அடங்கிய பிறகும் அது நீடிக்கிறது; வேலையையும் நட்பையும் கெடுக்கிறது; மருந்தால் பெரிதாக மாறுவதில்லை. பயிற்சியால் மாறுகிறது. டூசல்டோர்ஃபில் வோல்ஃப்காங் வோல்வர் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 12 அமர்வுகளில் முகபாவப் பயிற்சி பெற்றவர்கள், நினைவு, கவனம் முதலியவற்றுக்குப் பயிற்சி பெற்றவர்களை முந்தினார்கள். கர்ட்ஸும் ரிச்சர்ட்சனும் 2012இல் 19 ஆய்வுகளை, மொத்தம் 692 பேரின் முடிவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். முகத்தை இனங்காண்பதில் நல்ல முன்னேற்றம்; அன்றாடச் செயல்பாட்டிலும் தேர்ச்சி தெரிந்தது. இதையெல்லாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் அதே தொகுப்பில் இன்னொரு முடிவும் உண்டு. பிறர் செயலுக்குக் காரணம் கற்பிக்கும் போக்கில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. நோயாளியை வதைப்பது ‘அவர் முகத்தில் இருப்பது என்ன’ என்ற கேள்வியா? ‘அவர் ஏன் என்னை அப்படிப் பார்த்தார்’ என்ற கேள்வியல்லவா? சந்தேகம் குடியிருப்பது அந்த ‘ஏன்’ என்பதில்தான். முகத்துக்குச் சரியான பெயர் சொல்லிவிட்டு, காரணத்தைப் பழையபடியே தப்பாகக் கணிப்பவருக்கு நாம் கொடுத்தது என்ன?

பயிற்சித் திரையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கழுத்துக்கு மேல் ஒரு முகம். பின்னணி வெறுமை. கண் விரிந்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. கீழே வரிசையாகச் சில சொற்கள், அவற்றில் ஒன்றே விடை. பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1976இல் வெளியிட்ட 110 கறுப்பு வெள்ளைப் படங்கள் தொடங்கிவைத்த வழக்கம் இது. அந்த முகத்துக்கு உரியவர் எதைப் பார்த்தார், யாரிடம் பேசிக்கொண்டிருந்தார், அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது, எதுவும் கிடையாது. இருந்தும் ‘பயம்’ என்று சொன்னால்தான் மதிப்பெண். பாப்புவா நியூகினியின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் இதே விரிந்த கண்ணையும் திறந்த வாயையும் காட்டியபோது, மிரட்டுகிற முகம் என்றார்கள் பலர். கார்லோஸ் கிரிவெல்லி குழுவினர் 2016இல் வெளியிட்ட முடிவு இது. லிசா ஃபெல்ட்மன் பேரட் உள்ளிட்ட ஐவர் 2019இல் செய்த விரிவான மறுபரிசீலனையின்படி, கோபம் வந்தவர் முகத்தைச் சுளிப்பது சுமார் 30 விழுக்காடு நேரம்தான். மீதி நேரம் அவர் மௌனமாக இருக்கலாம், அழலாம், சிரிக்கவும் செய்யலாம்.

வீட்டுக்காரர் வாடகை கேட்டுவிட்டுப் போன பிறகு, “ஒண்ணுமில்லப்பா, நீ சாப்பிடு” என்று அம்மா சிரித்தபடி தட்டை நகர்த்துகிறார். அந்தச் சிரிப்பைப் படமெடுத்துத் திரையில் போட்டால் விடை ‘மகிழ்ச்சி’. மகனுக்கு வாடகைப் பாக்கி தெரிந்திருந்தால் அவனுக்குப் பயிற்சி வேண்டாம். தெரியாவிட்டால் எந்தப் பயிற்சியும் உதவாது.

டூசல்டோர்ஃப் பயிற்சி சூழலை அடியோடு மறந்துவிடவில்லை என்பார்கள். உண்மைதான். தெளிவான முகங்கள் முதலில், மங்கலானவை அடுத்து, சூழலோடு சேர்ந்த குழப்பமான முகங்கள் கடைசிக் கட்டத்தில். என் ஆட்சேபமே இந்த வரிசை மீதுதான். வாழ்க்கையில் முதலில் வருவது சூழல். முகம் அதற்குள் வருகிறது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள் தருகிறார். அச்சம் தெய்வத்தால் வரலாம், விலங்கால், கள்வரால், தலைவனால் வரலாம். அழுகைக்கு இழவும் ஒரு களன், வறுமையும் ஒரு களன். புருவம் எப்படி, உதடு எப்படி என்று அவர் தொடங்கவில்லை. எது நேர்ந்தது என்று தொடங்குகிறார். பயிற்சிக்காரர்கள் கடைசிக்கு ஒதுக்கியதை அவர் முதலில் வைத்தார்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் ‘ட்ரெண்ட்ஸ்’ என்றொரு முகபாவச் சோதனை உருவாக்கினார்கள். இந்திய நடிகர்களின் முகங்கள், அசையும் காட்சிகளும் உண்டு. வெளிநாட்டு முகத்தை வைத்து நம் நோயாளியை மதிப்பிடும் அபத்தம் நீங்கியது. ஆயினும் நடிகர் முகம் காட்ட, பார்ப்பவர் பெயர் சொல்ல, ஒற்றை விடைக்கு மதிப்பெண் என்ற ஏற்பாடு அப்படியே இருக்கிறது. அது ஏன் நிலைக்கிறது? எண்ணுவதற்கு வசதி. கணினி திருத்தும், வரைபடம் ஏறும், கட்டுரை அச்சாகும். வசதி ஆய்வாளருக்கு, பரீட்சை நோயாளிக்கு.

இதில் அநீதியும் உண்டு. குற்றங்குறை சொல்வதும் பகைமையும் அளவு மீறிய தலையீடும் மிகுந்த வீடுகளில் நோய் அதிகம் திரும்புகிறது என்று ஜார்ஜ் பிரௌனும் சகாக்களும் லண்டனில் 1972இலேயே காட்டிவிட்டார்கள். எனவே நோயாளி தம் வீட்டு முகங்களில் எரிச்சலைக் கண்டால், அவர் கண்டது பல நேரம் சரியாகவே இருக்கும். அவரை உட்காரவைத்து உங்களுக்கு முகம் படிக்கத் தெரியவில்லை என்று திருத்துகிறோம். சுளித்த முகத்துக்கு உரியவரை இந்த வகுப்புக்கு யாரும் அழைப்பதில்லை.

மாற்று வழி கையருகே இருக்கிறது. டேவிட் பென்னும் டேவிட் ராபர்ட்ஸும் வடகரோலினாவில் வகுத்த குழுப்பயிற்சியில், நடந்ததையும் நாம் ஊகித்ததையும் பிரித்தறிவதும், ஊகத்தை எதிராளியிடமே கேட்டுச் சரிபார்ப்பதும் பாடங்கள். அங்கும் முகப்பாடம் முன்னால் வந்து, சரிபார்த்தல் கடைசிப் பகுதியில் நிற்கிறது. அதைத் தலைகீழாக்க வேண்டும். வீட்டாரும் உடன் உட்கார வேண்டும். ‘முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை, கேட்டுப் பார்க்கிறேன்’ என்ற பதிலுக்கு இன்று மதிப்பெண் கிடையாது. அதற்கு முழு மதிப்பெண் தரும் நாள் வரை, இந்தப் பயிற்சி நோயாளிக்குத் தேர்வு எழுதத்தான் சொல்லிக்கொடுக்கிறது, மனிதரோடு பழக அல்ல.