பனைநார்த் திரைக்குப் பின்னால்

1937-ஆம் ஆண்டு. ஜப்பானின் கியூஷு தீவு மீனவர்கள் திகைத்தனர். வலைக்கும் கயிற்றுக்கும் வேண்டிய பனைநார் சந்தையிலிருந்து திடீரென மறைந்துவிட்டது. அவ்வளவையும் வாங்கியவர் யார்? எதற்காக?

இந்தப் புதிருடன் தொடங்குகிறது அகிரா யோஷிமுரா 1966-இல் வெளியிட்ட 'போர்க்கப்பல் முசாஷி' என்னும் நாவல். ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்துள்ளது. கதைக்களம் நாகசாகிக் கப்பல் கட்டும் தளம். 1857-இல் டச்சுக்காரர் உதவியுடன் இரும்புப் பட்டறையாகத் தோன்றிய இதனை 1884-இல் மிட்சுபிஷி குத்தகைக்கு எடுத்தது. இங்கே 70,000 டன்னுக்கு மேற்பட்ட போர்க்கப்பலை ஊரார் கண்ணில் படாமல் கட்ட வேண்டும். மறைப்புத் திரை பின்னவே அத்தனை பனைநாரும்!

கப்பலை நீரில் இறக்கும் பகுதியில் ஆசிரியரின் திறமை ஒளிர்கிறது. துறைமுகமோ குறுகலானது; சறுக்கி இறங்கும் கப்பல் எதிர்க்கரையில் மோதிவிடலாம். எனவே இருபுறமும் கனத்த சங்கிலிகளைப் பிணைத்து, அவற்றின் இழுவையால் வேகத்தைத் தணித்தனர். 1940 நவம்பர் 1 அன்று கப்பல் பத்திரமாக நின்றது. அது எழுப்பிய அலையோ எதிர்க்கரை வீடுகளுக்குள் புகுந்தது.

குறை ஒன்று உண்டு. கப்பலின் உடல் தெரியும் அளவுக்கு மனிதரின் உள்ளம் தெரிவதில்லை. ஆயினும், ஒரு வரைபடம் காணாமற்போனதும் ஊழியர்கள் படும் சித்திரவதை நெஞ்சை உலுக்குகிறது.

1942-இல் கடற்படையில் சேர்ந்த முசாஷி, 1944 அக்டோபர் 24 அன்று அமெரிக்க விமானத் தாக்குதலில் மூழ்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கணக்கில் பிழையில்லை, கைத்திறனில் குறையில்லை, 'எதற்காக' என்று கேட்கத்தான் எவருக்கும் உரிமையில்லை. பொறியியல் பயிலும் மாணவர்கள் இந்நூலைப் படிக்க வேண்டியது இதற்காகவே.