அத்தாட்சிச் சீட்டு

ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாண’த்தில் (1678) எனக்கு இன்றும் செரிக்காத இடம் முதல் பாகத்தின் கடைசிப் பக்கம். கிறிஸ்தியான் எக்காளம் முழங்க மோட்ச நகரத்துக்குள் போய்விட்டான். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். பின்னாலேயே ‘அறியாமை’ என்கிற இளைஞன் வாசலுக்கு வருகிறான். கடன் பாக்கி வைக்காதவன். ஜெபம், உபவாசம், தசமபாகம், தர்மம் எதிலும் குறை வைக்காதவன். அத்தாட்சிச் சீட்டு எங்கே என்கிறார்கள். மடியைத் துழாவுகிறான், ஒண்ணுமில்லை. கையையும் காலையும் கட்டி நரகத்துக்குத் தூக்கிப் போகிறார்கள்.

கிறிஸ்தியானிடம் அந்தச் சீட்டு உண்டு. சிலுவையடியில் கிடைத்த சுருள். அதுதான் இரட்சிப்பின் நிச்சயம். நடுவழியில் தூங்கித் தவறவிட்டு, திரும்ப ஓடி எடுக்கிறான். தவறக்கூடியது, தேடி எடுக்கக்கூடியது, ஆனால் சம்பாதிக்க முடியாதது. அதற்காக நடத்தை தேவையில்லை என்று பனியன் சொல்வதாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. விசுவாசத்தைப் பற்றி ஓயாமல் பேசும் ‘வாயாடி’யை, அவன் வீட்டில் நடந்துகொள்ளும் விதத்தை வைத்தே கிறிஸ்தியான் தோலுரிக்கிறான். கிரியை வேரல்ல, கனி. சரி. எந்தக் கனி கணக்கில் வரும், எண்ணுவது யார்?

பனியன் பாத்திரம் அடைக்கிற தொழிலாளி. அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காக 1660 முதல் சுமார் 12 வருடம் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர். அரசுத் திருச்சபையின் சீட்டு இல்லாத ஒருவர், எவனும் பறிக்க முடியாத சீட்டைக் கற்பனை செய்தார். அதே சீட்டு மேலே உட்கார்ந்திருப்பவன் மடியில் இருந்தால்?

தமிழில் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இதை 1894இல் ‘இரட்சணிய யாத்திரிக’மாக ஆக்கினார். அதற்கு அறுபது வருடம் முன்பே இங்கே விடை கிடைத்துவிட்டது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று எழுதினார். நற்கருணையில்கூடப் பேதம் கூடாது என்றதும், தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் வெளியேறினார்கள். சாதி உலக வழக்கம், ஆத்துமாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது வாதம். பின்னால் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் அதைச் சமூக ஏற்பாடு என்று சகித்துக்கொண்டபோது, பலர் அங்கே சேர்ந்துகொண்டார்கள்.

குடி, புகை, சினிமா, நகை — இவையெல்லாம் கனிக் கணக்கில் வரும். விட்டுவிட்டேன் என்று மேடையில் அழலாம். சாதியை விட்டேன் என்று ஒருத்தர் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. மணமகள் தேவை விளம்பரத்தில் ‘இரட்சிக்கப்பட்ட’ என்பதும் சாதிப்பெயரும் பக்கத்துப் பக்கத்தில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கின்றன.

அப்படியானால் நிச்சயத்தைத் தூக்கியெறிந்துவிட்டு நடத்தையை மட்டும் பார்ப்போம் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு உடன்பாடில்லை. நடத்தையை அளக்கிற கோல் எப்போதும் மேலே இருப்பவன் கையில்தான். சேரியிலிருந்து ஞானஸ்நானத்துக்கு வந்தவனிடம் சுத்தமா, குடியா என்று பரீட்சை வைத்த கோல் அது. ‘சீட்டு உன்னிடம் இருக்கு, கேட்க எவனுக்கும் உரிமையில்லை’ என்பது அவனுக்குப் பெரிய சொல், பனியனுக்கு இருந்த மாதிரியே.

சீட்டு இருக்கட்டும். ‘வாயாடி’யிடம் கேட்டதை மட்டும் வெள்ளாளச் சபையாரிடமும் கேட்போம். வீட்டில் எப்படி ஐயா? யாருக்குப் பெண் கொடுத்தீர்கள்? (‘கொடுப்பது’ என்கிற சொல்லே தனி வழக்கு.) நற்கருணைக் கிண்ணத்தில் உங்களுக்கு முன்னால் வாய் வைத்தவர் யார்?