டேபிள் டி சொல்லாத கணக்கு

வேலையை விட்டதும் "பி.எஃப்.போட பென்ஷன் பணத்தையும் எடுத்துடலாம்" என்று சொல்வது வழக்கம். போட்ட பணம் அப்படியே திரும்பி வரும் என்ற நினைப்பு. 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ள ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் விதி அப்படி வேலை செய்வதில்லை.

முதலாளி தரும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகிறது. அதை 12 மாதத்தால் பெருக்கிப் பாருங்க: கிட்டத்தட்ட 100. ஆக, வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம். பத்து வருஷம் முடிக்காதவர் படிவம் 10சி கொடுத்தால், கடைசிச் சம்பளத்தை டேபிள் டி-யில் உள்ள எண்ணால் பெருக்கித் தருவார்கள். 5 வருஷத்துக்கு 5.02, 9 வருஷத்துக்கு 9.33.

ரூபாயில் பார்ப்போம். 15,000 சம்பளத்துக்கு மாதம் 1,250 வீதம் ஒன்பது வருஷத்தில் போவது 1,35,000. வருவது 1,39,950. அதே பணம் பி.எஃப். கணக்கில் 8.25 சதவீத வட்டியில் இருந்திருந்தால் 1.9 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

கடைசிச் சம்பளத்தால் பெருக்குவதால் சம்பள உயர்வே வட்டிக்கு ஈடு என்று வாதிடலாம். ஆனால் 2014 செப்டம்பரில் 15,000 ஆன உச்சவரம்பு பத்து வருஷத்துக்கு மேல் அசையவில்லை. அதைத் தொட்டவருக்கு உயர்வு ஏது? இன்னொரு வாதம் வலுவானது: ஒரு மாதம் கட்டியவர் பணியில் இருக்கும்போது இறந்தாலும் குடும்பத்துக்குப் பென்ஷன் உண்டு. அந்தக் காப்பீட்டுக்குச் செலவு இருக்கத்தான் செய்யும். எவ்வளவு என்பதை மட்டும் டேபிள் டி பிரித்துக் காட்டுவதில்லை.

இந்த விதி யாரைப் பாதிக்கும்? கொடைக்கானலையே எடுத்துக்கொள்வோம். பாதரசக் கழிவு விவகாரத்தால் 2001 மார்ச்சில் மூடப்பட்ட இந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் ஆலையில், திட்டம் தொடங்கிய பிறகு முதல்முறை வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு ஐந்தரை வருஷ சர்வீஸ்கூட வந்திருக்காது. அவராக விலகவில்லை, ஆலைதான் மூடியது. டேபிள் டி-க்கு இரண்டும் ஒன்றுதான். சீசனுக்கு சீசன் ஓட்டல் மாறுகிறவர், தாண்டிக்குடிப் பக்கம் எஸ்டேட் மாறுகிறவர் நிலையும் இதுவே. பி.எஃப். பிடித்தாலும் சர்வீஸ் துண்டுதுண்டாகத்தான் சேரும்.

இதற்கு மாற்று அதே 10சி-யிலேயே இருக்கிறது: திட்டச் சான்றிதழ், அதாவது ஸ்கீம் சர்டிஃபிகேட். பணமாக வாங்கினால் அந்த சர்வீஸ் பூஜ்யம். சான்றிதழாக வாங்கினால் அடுத்த வேலையோடு கூடும். இங்கே நாலு, அங்கே ஆறு என்று பத்து சேர்ந்தால் 58 வயதில் பென்ஷன். மூன்று இடத்தில் நாலு நாலு வருஷம் உழைத்து, மூன்று முறையும் பணமாக எடுத்தவருக்கு 12 வருஷம் உழைத்தும் பென்ஷன் கிடையாது.

2024 ஜூன் திருத்தம் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் பணம் கொடுத்தது, முடிந்த ஒவ்வொரு மாதத்தையும் கணக்கில் எடுத்தது. நல்லதுதான். ஆனால் அது சரிசெய்தது பின்னங்களை. காப்பீட்டுச் செலவைத் தனியாகக் காட்டி, மீதிக்கு வட்டி தர வேண்டும். கேட்காவிட்டால் சான்றிதழ், கேட்டால் மட்டும் பணம் என்று விதியைத் திருப்ப வேண்டும். அதுவரை, கைக்காசு அவசரம் இல்லாதவர்கள் 10சி-யில் சான்றிதழ் கட்டத்தை டிக் பண்ணுங்க.