மேற்கோளும் சாட்சியமும்: இணைய அகராதிகளில் எங்கட பழைய நூல்கள்

அகராதியில் ஒரு சொல்லின் பொருளுக்குக் கீழே பழைய நூலின் வரியொன்று வருகிறதென்றால், அது அச்சொல்லுக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறது. சாட்சி யார், எந்த ஊர் என்று கேட்காமல் எந்தக் காதியாரும் வழக்கை முடிக்கமாட்டார். மத்னைப் போலவே இஸ்னாதையும் பார்க்கப் பழகிய சமூகம் நாங்கள். ஆனால் இணைய அகராதிகளில் இஸ்லாமியத் தமிழ் நூல்களிலிருந்து எடுத்த வரிகளைத் தேடும்போது, நூற்பெயரோடு மட்டும் நிற்கும் மேற்கோள்களை நான் காண்கிறேன். படலம், பதிப்பு, ஆண்டு ஒன்றுமில்லை. “இதெல்லாம் சும்மா அலங்கார வேலைதானே” என்று சொல்லுவாங்க. எனக்கு அது உடன்பாடில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 தொடக்கம் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் நூற்பெயரைச் சுருக்கி, பக்கத்தில் பாட்டெண்ணைப் போட்டார்கள். தாளை மிச்சம் பிடிக்க அது நல்ல வழி. சுருக்கம் விளங்காதவர் அட்டவணையைப் புரட்டிப் பார்க்கலாம். இணையத்திலோ தேடிய சொல் தனியாக வந்து நிற்கிறது, அட்டவணை வேறெங்கோ கிடக்கிறது. தாள் செலவே இல்லாத இடத்தில் இன்னும் ஏன் இந்தச் சிக்கனம்?

சீறாப்புராணத்தை எடுங்கள். மூன்று காண்டம், 92 படலம், 5027 பாட்டு. “சீறா. 45” என்று போட்டால் அது எந்த 45? நூல் முழுவதற்குமான தொடரெண்ணா, காண்டத்தின் எண்ணா, படலத்தின் எண்ணா? செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை 1842இல் அச்சேற்றிய பிறகு அந்நூல் பல பதிப்புகளைக் கண்டுவிட்டது. காண்டம், படலம், பாட்டெண், பதிப்பாண்டு நான்கும் இருந்தால்தான் வாசகர் அந்தப் பாட்டைப் போய்ப் பார்க்கலாம்.

அடுத்தது எழுத்து. எழுத்தின் உருவம் வேறு, எழுத்துக்கூட்டல் வேறு. பழைய அச்சில் ‘லை’, ‘ணை’ போன்றவை தும்பிக்கை போட்டு வரும். அவற்றை இன்றைய உருவில் தருவதில் குற்றமில்லை. ஆனால் ‘ஹிஜ்றத்து’ என்பதை ‘ஹிஜ்ரத்’ என்றும், ‘றசூல்’ என்பதை ‘ரஸூல்’ என்றும் திருத்துவது சாட்சியின் வாயில் எங்கட சொல்லைப் போடுவதாகும். செய்யுளில் இன்னுமொரு கேடும் உண்டு. அடியின் தொடக்கத்தில் ‘குறைஷி’ வந்து, அடுத்த அடிகள் ‘நிறை’, ‘உறை’ என்று தொடங்கினால், ‘குரைஷி’ என்ற திருத்தம் எதுகையையே உடைத்துவிடும்.

மேற்கோளுக்குள் தலைச்சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டுவது ஆங்கில விக்சனரியின் வழக்கம். ஆங்கிலத்தில் அது இலேசு. தமிழில் தீனும் நெறியும் சேர்ந்து ‘தீனெறி’ ஆகிவிடுகிறது. ‘னெ’ என்ற ஓரெழுத்தில் இரண்டு சொல்லுக்கும் பங்கு. எங்கே தடிப்பை நிறுத்துவது? நான் சொல்வது இதுதான்: மூலத்தை அப்படியே ஒரு வரியில் தாருங்கள், சந்தி பிரித்த வடிவத்தைக் கீழே தந்து, தடிப்பை அங்கே வையுங்கள். தேடுகிற கணினிக்கும் அது உதவும், மூலமும் பிழைக்கும். சாய்வெழுத்து வேண்டாம், தமிழ் எழுத்தைச் சாய்த்தால் கண்ணுக்குத்தான் கஷ்டம்.

அரபுத்தமிழ் நூல்களுக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய ‘மகானி’ போன்ற நூலிலிருந்து எடுக்கும் வரியைத் தமிழ் எழுத்தில் மட்டும் தந்தால், ஸீனும் ஸாதும் ஒன்றாகிவிடும். அரபு எழுத்தில் உள்ள மூலவரியையும் சேர்த்துத் தரவேண்டும். அதைத் தனி வரியாகவே போடவேண்டும். வலமிருந்து இடம் போகும் எழுத்தைத் தமிழ் வரிக்குள் செருகினால் அடைப்புக்குறியும் எண்ணும் இடம்மாறிக் குழம்பும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? எங்கட வீட்டுச் சொற்களை வெறும் ‘பேச்சு வழக்கு’ என்று ஒதுக்கிவிடுவது லேசு. ‘மசலா’ என்றால் இன்றைக்குப் பலருக்குக் கறிச்சரக்குத்தான் ஞாபகம் வரும். ஆனால் வினா என்ற பொருளில் அச்சொல், 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரமசலாவின் பெயரிலேயே இருக்கிறது. ஆண்டோடும் ஆசிரியர் பெயரோடும் அதை அகராதியில் பதிந்தால், நானூறு வருஷத்துக்கு மேலாக அச்சொல் தமிழில் வாழ்ந்ததற்கு ஆதாரம் அங்கேயே கிடக்கும். ஆண்டில்லாமல் பதிந்தால் அது நேற்று வந்த சொல்லாகத்தான் தெரியும்.

இணைய அகராதிகளில் பலவற்றை யாரும் திருத்தலாம். நூலைக் கையில் வைத்திருப்பவர்கள் நாங்கள். நூலகத்தில், பள்ளிவாசல் அலுமாரியில், உம்மம்மாவின் பெட்டகத்தில் கிடக்கும் பிரதிகளைத் திறந்து, ஒரு சொல்லுக்கு ஒரு வரி, அதன் முழு விபரத்தோடு, எழுதத் தொடங்கினாலே போதும்.